வலம்வந்த பூனைகள்

1

மேற்கு நோர்வேயில், பேர்கன் நகரின் மலைச்சரிவில் நாங்கள் குடியிருக்கிறோம். இவ்வூரின் மழையைப் பற்றி இதைப் படிக்கும் கண்டி அன்பர்களுக்கு ஒரு வரியில் சொல்வதானால், கண்டி மழை வந்து போகும். பேர்கன் மழை இங்கேயே குடியிருக்கும். மலை உண்டு, மூடுபனி உண்டு, குடை பிடித்தபடி பேருந்துக்குக் காத்திருக்கும் மனிதர் உண்டு. கோயில் மணி ஒன்றுதான் இல்லை. அதை நான் வீட்டில் அடித்துக்கொள்கிறேன்.

இங்கே ஒருவருக்கு எண்பது வயது ஆனால் நகரசபையிலிருந்து ஒரு தாதி வீடு தேடி வருவார். வாழ்த்துச் சொல்வதற்காக அல்ல. அந்த மனிதர் இனி எப்படி விழாமல் நடமாடலாம் என்பதைக் கேட்டறிவதற்காக. சென்ற வாரம் என் முறை வந்தது. மஞ்சள் மழைச்சட்டை அணிந்த இளம்பெண் ஒருத்தி வந்து, தரை நனையாதிருக்கக் காலில் சப்பாத்துக்கு மேல் நீலப் பை மாட்டிக்கொண்டு, எங்கள் சாப்பாட்டு மேசையருகே கதிரையில் அமர்ந்தாள். என்னை "நீ" என்றாள். இந்நாட்டில் சிறுவர் முதல் கிழவர் வரை எல்லோருக்கும் அந்த ஒரே சொல்தான். வந்த புதிதில் இது எனக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. பிறகு, நம் அடியார்கள் இறைவனையே நீ என்றுதானே விளித்தார்கள் என்று எண்ணி, என்னை ஒவ்வொரு நாளும் பலர் உயர்த்துகிறார்கள் என்று கொண்டேன்.

"நீ வாரத்தில் எத்தனை தடவை வெளியே போகிறாய்?" என்று அவள் கேட்டாள்.

நோர்வேஜிய மொழியில் எனக்குப் பால் வாங்கத் தெரியும். என்னை விளக்கத் தெரியாது. எனவே என் மனைவி சிவகாமியை மொழிபெயர்க்கச் சொல்லிவிட்டுத் தமிழில் விடையளித்தேன். சென்ற மாரியில் வாசற்படியின் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்ததிலிருந்து புறத்தே நடமாட்டம் குறைந்துள்ளது என்றும், ஆயினும் காலையும் மாலையும் இந்த மேசையைப் பதிகம் ஓதியபடி வலம் வருவதால் உடலுக்கோ உள்ளத்துக்கோ குறைவில்லை என்றும் நிதானமாகச் சொன்னேன்.

சிவகாமி தாதியைப் பார்த்து, "போவதில்லை" என்றாள்.

"முழுக்கச் சொல்லும்" என்றேன்.

"முழுக்கத்தான் சொன்னனான்."

தாதி அதை எழுதிக்கொண்டு, இருவரும் பொழுதுபோக்காக என்ன செய்கிறீர்கள் என்று வினவினாள். "இவர் கும்பிடுவார். நான் கணினி விளையாட்டு விளையாடுவேன்" என்றாள் சிவகாமி. தாதி மகிழ்ந்துபோனாள். முதியோர் புதியதைக் கற்பது மூளைக்கு நல்லது, எப்போது தொடங்கினாய் என்று கேட்டாள்.

"கண்டியில் இருந்தபோது. தந்திப் பிரிவில் வேலை செய்த காலத்தில்."

அந்தப் பெண்ணின் எழுதுகோல் நின்றுவிட்டது. மொழி பிசகிவிட்டது என்று அவள் எண்ணியிருக்க வேண்டும். பிசகவில்லை. அந்தக் கதையை அவளுக்குச் சொல்ல எனக்கு மொழியில்லை, உங்களுக்குச் சொல்கிறேன்.

2

அப்போது நான் பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தில் மின்னணு ஆய்வுகூடத்தின் தொழில்நுட்ப அலுவலர். சிவகாமி கண்டித் தபாலகத்தில் தந்தி அனுப்புபவள். ஏரிக்கு மேலே ஏறும் ஒரு வீதியில் வாடகை வீடு. கடைத்தெருவில் ஹனீபா நானாவின் வானொலி திருத்தும் கடை இருந்தது. அவர் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு விளையாட்டுப் பெட்டியைக் கடையின் முன்பக்கத்தில் நிறுத்தியிருந்தார். அலுமாரி அளவு உயரம். நாணயம் போட்டால் திரையில் ஒரு கோட்டை தோன்றும். நடுவே சதுர மதில், சுற்றிலும் சந்துகள். ஓர் எலி சந்துகளில் கிடக்கும் தானியத்தைப் பொறுக்க வேண்டும். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என நான்கு பூனைகள் துரத்தும். கைப்பிடியை அசைத்து எலியை ஓட்டுவதுதான் ஆட்டம். தானியம் தீர்ந்தால் அடுத்த கோட்டை வரும்.

பிள்ளையாரின் வாகனத்தைப் பூனைகள் துரத்துவதைக் காசு கொடுத்துப் பார்க்கிறார்களே என்று எனக்கு அந்தப் பெட்டியின் மேல் நல்லெண்ணம் இருக்கவில்லை.

ஒரு நாள் மாலை வானொலியை எடுக்கப் போனேன். பெட்டியைச் சுற்றிக் கல்லூரி மாணவர் கூட்டம். "அக்கா, இடப்பக்கம், இடப்பக்கம்" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். யார் அந்த அக்கா என்று எட்டிப் பார்த்தேன். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றவள் என் மனைவி.

நான் வாயைத் திறக்குமுன் ஹனீபா நானா என் தோளைப் பிடித்தார். வளாகத்தில் வேலை செய்பவரெல்லாம் அவருக்கு மாஸ்டர்.

"மாஸ்டர், சத்தம் போடாதீங்க. தங்கச்சி மூணாவது கோட்டைக்கு வந்திரிக்கி. இந்தக் கடையில யாரும் ரெண்டத் தாண்டினதில்ல."

சிவகாமி திரும்பாமலே, "இஞ்சேருங்கோ, இந்தக் குடையைக் கொஞ்சம் பிடியுங்கோ" என்றாள். பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீடு திரும்பும் வழியில் அறிவுரை ஒன்றை மனத்தில் கட்டிக்கொண்டு வந்தேன். குடும்பப் பெண், தபாலகத்து உத்தியோகம், விடலைகள் நடுவே என்று மூன்று பகுதியாக அது அமைந்திருந்தது. முதற்பகுதியைத் தொடங்கியபோதே அவள் நின்றுவிட்டாள்.

"நாள் முழுக்க மற்றவையின்ர செத்தவீட்டையும் கலியாணத்தையும் அடிச்சு அனுப்புறன். கால் மணித்தியாலம் ஒரு எலியா ஓடினா உங்கட பிள்ளையாருக்கு என்ன குறைஞ்சு போகுது?"

குறைந்துபோவதாக எந்தப் பதிகத்திலும் நான் படித்ததில்லை. அதன்பின் மாலைகளில் குடை பிடிப்பது என் கடமையாயிற்று.

3

எண்பத்துமூன்றாம் ஆண்டின் அந்த ஆடி மாதத்தைப் பற்றி இங்கே விரித்தெழுதப் போவதில்லை. கண்டியில் தமிழர் கடைகள் எரிந்த நாளில் சிவகாமி வேலையில் இருந்தாள். வீட்டுக்கு ஓடிவரும் வழியில் அவளை ஹனீபா நானா கடைக்குள் இழுத்து, இரும்புக் கதவை இறக்கிவிட்டார். பெட்டிக்கும் சுவருக்கும் இடையே ஒருவர் குந்தியிருக்கும் அளவு இடைவெளி. பொழுது சாயும்வரை அவள் அங்கே இருந்தாள். வெளியே கண்ணாடி உடையும் ஓசை கேட்டது. பெட்டியை நிறுத்தினால் அடுத்த முறை இயங்குமோ என்ற ஐயத்தில் நானா அதன் ஒலியை மட்டும் அடக்கியிருந்தார். நாணயம் போடாதபோது அந்தப் பெட்டி தானாகவே ஆடிக் காட்டும். எலி ஓடும், பிடிபடும், மறுபடி ஓடும். எதிர்ச்சுவரில் தொங்கிய கண்ணாடியில் அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

மாலையில் மரக்கறி லொறி ஒன்றில் ஏற்றி நானாவே அவளைக் கொண்டுவந்து விட்டார். முன்கண்ணாடி உடைந்த கடையைப் பூட்டிவிட்டுப் பெட்டியைக் கம்பளையில் இருந்த தம் மச்சானின் கடைக்கு மாற்றிக்கொண்டார்.

சிவகாமி அதன்பின் வாசற் படலையைத் தாண்டவில்லை. சமைத்தாள், பேசினாள், என்னைக் கேலியும் செய்தாள். குடையை எடுத்துக்கொண்டு படலைவரை போவாள், நிற்பாள், திரும்பி வந்து குடையை மாட்டிவிடுவாள். கோயிலுக்கும் வரவில்லை. மருத்துவச் சான்றிதழ் கொடுத்து விடுப்பை நீட்டினோம். பிறகு தபால் திணைக்களத்திலிருந்து சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தது. வருட இறுதிக்குள் கடமைக்குத் திரும்பாவிட்டால் பதவியை விட்டுப் போனவராகக் கருதப்படுவார் என்பது அதன் பொருள். பொருளைச் சொன்னதும், "நான் எங்க போனன்? போகாததுதானே இப்ப பிரச்சினை" என்றாள். இருவரும் சிரித்தோம்.

அவள் கதிரையின் கையில் விரலால் தட்டிக்கொண்டே இருப்பாள். தந்திக்காரியின் பழக்கம் என்று எண்ணியிருந்தேன்.

"என்ன செய்தி அடிக்கிறீர்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அடிக்கேல்லை. ஓடுறன்."

அப்போதுதான் கவனித்தேன். விரல் மேலே, கீழே, இடம், வலம் என்று கோட்டையின் சந்துகளில் போய்க்கொண்டிருந்தது.

4

கோயிலைத் திருத்திக் கட்டும்போது மூலவரை அசைக்க முடியாது. பூசையையும் நிறுத்த முடியாது. அதனால் மூலவரின் ஆற்றலைக் கும்பத்தில் இறக்கி, ஒரு சிறிய கொட்டிலில் சிறிய உருவத்தில் எழுந்தருளச் செய்வார்கள். பாலாலயம் என்பது அதன் பெயர். கருங்கல் திருமேனிக்குப் பதில் அத்திமரப் பலகை இருக்கலாம். கோபுரத்துக்குப் பதில் தகரக்கூரை இருக்கலாம். உருவம் சுருங்கலாம், வழிபாட்டின் முறை மட்டும் பிசகக்கூடாது.

சிவகாமியின் அண்ணன் இங்கிலாந்திலிருந்து அனுப்பிய ஒரு குட்டிக் கணினி எங்கள் அலுமாரியில் உறங்கிக் கிடந்தது. சவர்க்காரப் பெட்டியைவிடச் சற்றே பெரியது. தொலைக்காட்சியில் பொருத்திக்கொள்ளலாம், எழுதியதை ஒலிநாடாவில் பதிந்து வைக்கலாம். வண்ணமில்லை, இசையில்லை. அதன் நினைவு, ஒரு முழுத் தாளில் நெருக்கி எழுதினால் எவ்வளவு எழுத்து அடங்குமோ அவ்வளவுதான். கம்பளைக்குப் போய்விட்ட மூலவரை இந்தக் கொட்டிலில் எழுந்தருளச் செய்வதென்று முடிவு செய்தேன். அவளிடம் சொல்லவில்லை.

கோட்டை முழுவதையும் எழுத இடம் போதாது. கால்பங்கை மட்டும் எழுதி, கண்ணாடியில் பார்ப்பதுபோல் புரட்டிப் புரட்டி மற்ற முக்காலையும் கணினியையே வரையச் செய்தேன். நான்கு பூனைகளை ஒருங்கே காட்ட அந்தச் சிறு பெட்டிக்கு வேகம் போதவில்லை. ஆகவே இரண்டிரண்டாக மாற்றி மாற்றிக் காட்டினேன். கண் ஏமாந்துவிடும், பூனைகள் சற்றே நடுங்குவதுபோல் இருக்கும், அவ்வளவுதான். எலியும் பூனைகளும் நடப்பதற்கான கட்டளைகள் வெவ்வேறாகத் தொடங்கினாலும் ஒரே மாதிரி முடிந்தன. பதிகத்தில் பத்துப் பாட்டுக்கும் ஈற்றடி ஒன்றாக வந்தால் ஏட்டில் அதை ஒரு முறை முழுக்க எழுதி, மற்ற இடங்களில் முதற்சொல்லோடு விடுவார்கள் அல்லவா? நானும் முடிவை ஒரே இடத்தில் எழுதி, எல்லோரையும் அங்கே போய் முடித்துக்கொள்ளச் சொன்னேன். அந்தச் சிக்கனம் கைகூடிய மாலையில், இந்தப் பெட்டியைச் செய்தவருக்கும் நம் பெரியோருக்கும் ஏதோ தூரத்து உறவு உண்டு என்று நம்பினேன்.

மின்வெட்டு வந்தால் எல்லாம் அழியும். மறுபடி எழுதுவேன். ஊரடங்கு நாள்கள் எனக்கு உதவின. பக்கத்து அறையிலிருந்து சிவகாமி கேட்பாள்.

"என்னப்பா அங்க, யாகமே செய்யிறியள்?"

"ஏறக்குறைய."

5

ஒரு ஞாயிறு காலை தொலைக்காட்சியின் முன் அவளை அமர்த்தி, நாடாவை ஓடவிட்டேன். அது கீச்சிட்டு முடித்ததும் திரையில் கோட்டை தோன்றியது. சிவகாமி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு விசைகளில் விரலை வைத்தாள். எலி ஓடிற்று. பூனைகள் நடுங்கியபடி துரத்தின. நான் தேநீர் போடச் சென்றேன்.

தேநீர் கொண்டுவந்தபோது ஓடிக்கொண்டிருந்தாள். குடித்து முடித்தபின்னும் ஓடிக்கொண்டிருந்தாள். நான் குளித்து, பூசை முடித்து, திருநீறு அணிந்து வந்தபோது, ஒற்றைக் கையால் விசையை அழுத்திக்கொண்டு மற்றக் கையால் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பூனையளுக்கு என்ன நடந்தது?" என்றாள்.

"ஏன்?"

"நான் மதிலை வலமாச் சுத்துறன். அதுகளும் வலமாச் சுத்துதுகள். நான் முன்னால, அதுகள் பின்னால. திருவிழாவில சாமிக்குப் பின்னால சனம் வாற மாதிரி. ஒண்டும் திரும்புதில்லை."

குனிந்து பார்த்தேன். உண்மைதான். சந்தியில் பூனை எப்பக்கம் திரும்ப வேண்டும் என்பதை எழுதும்போது, நடுவே சதுரமாய் மதில் நின்றதல்லவா? நினைவு தெரிந்த நாள் முதல் மதிலை ஒரே பக்கமாகச் சுற்றி வந்த மனிதன் நான். என் கை நான்கு பூனைகளையும் வலம்வர விட்டிருந்தது. இடமாகத் திரும்பும் கட்டளை ஒன்றுகூட இல்லை. மறந்தேன் என்றும் சொல்ல முடியாது. அப்படி ஒரு திசை இருப்பதே நினைவுக்கு வரவில்லை.

அவள் பயற்றங்காயை வைத்துவிட்டு என்னை நேரே பார்த்தாள்.

"எனக்காகத்தான் இப்பிடிச் செய்தனீங்களோ? நான் பிடிபடக்கூடாதெண்டு?"

"சத்தியமாக இல்லை. பிழை."

"நான் பயந்துபோய்க் கிடக்கிறன், இவளுக்குப் பூனையில்லாத கோட்டை ஒண்டு கட்டிக் குடுப்பம் எண்டு நினைச்சனீங்களோ?"

"பிள்ளையார்மேல் ஆணை. பூனைகளை நான் முழுமனத்தோடுதான் ஏவினேன். அவை பக்தியில் விழுந்துவிட்டன."

அவளுக்குச் சிரிப்பு வந்தது; ஆனால் அடக்கிக்கொண்டாள். "சாக ஏலாத விளையாட்டில என்ன இருக்கு? சாமியைக் கொண்டுவந்திட்டு பூனையை விட்டிட்டு வந்திருக்கிறியள். அங்க சிவப்புப் பூனை எப்பிடித் திரும்பும், சொல்லுங்கோ."

யோசித்தேன். குடை பிடித்த மாலைகளில் நான் திரையைப் பார்த்ததைவிட, தெரிந்தவர் யாரும் வீதியில் வருகிறார்களா என்று பார்த்ததே அதிகம். "கம்பளைக்குப் போய்ப் பார்த்து வருகிறேன்" என்றேன்.

"உங்களுக்குப் பாக்கத் தெரியாது" என்றாள் சிவகாமி. அவள் விரல் கதிரையின் கையில் இரண்டு முறை தட்டிற்று. "நானும் வாறன்."

நான் வேட்டியைக்கூட மாற்றவில்லை. மாற்றும் நேரத்துக்குள் அவள் மனம் மாறிவிடக்கூடாதே. படலையில் நின்றாள். நான் வானத்தைப் பார்ப்பதுபோல் நின்றேன். "சிவப்புப் பூனை ஒரு மூலையில நிண்டு யோசிக்கும். அதையும் பாக்கவேணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீதியில் இறங்கினாள்.

ரயிலில் என் மணிக்கட்டை அவள் விடவேயில்லை. பேராதனைச் சந்தியில் இராணுவத்தினர் ஏறி அடையாள அட்டை கேட்டனர். பிடியை விடாமல் இடக்கையால் எடுத்து நீட்டினாள். கம்பளையில் இறங்கியபோது என் மணிக்கட்டில் அவள் வளையலின் தடம் பதிந்திருந்தது.

மச்சானின் கடையில் ஹனீபா நானா வானொலி ஒன்றைப் பிரித்து வைத்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து வந்தார். பிறகு பெட்டியின் மேலிருந்த படுக்கைவிரிப்பை இழுத்தெடுத்தார்.

"வாங்க தங்கச்சி. இந்த ஊரு ஆக்களுக்கு ஓடத் தெரியா. பூனையெல்லாம் தின்டு தின்டு கொழுத்துப் போய்க் கிடக்கி."

"நானா, இவர் எங்கட வீட்டில நாலு பூனை வளக்கிறார். நாலும் சைவம்" என்றாள் சிவகாமி.

நடந்ததைக் கேட்ட நானா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "அப்ப மாஸ்டர், ஒங்கட பூனைகளுக்கு ஹஜ்ஜு கடமைக்குப் போக ஏலா. நாங்க மக்காவுல சுத்துறது மத்தப் பக்கம்."

அவள் ஆடினாள், நான் முதன்முறையாகத் திரையைப் பார்த்தேன். சிவப்பும் நீலமும் இடமாகத் திரும்பி எதிரே வந்தன. சிவப்பு வடகிழக்கு மூலையில் ஒரு மூச்சு நேரம் நின்று, பிறகே பாய்ந்தது. அந்த ஒரு மூச்சு நேரத்தில்தான் ஆட்டத்தின் உயிர் இருந்தது. அவள் மூன்று முறை பிடிபட்டாள். ஒவ்வொரு முறையும் அவள் முகம் கழுவிவிட்டதுபோல் ஆனது.

வீடு திரும்பியதும் இடப்பக்கத் திருப்பத்தையும் அந்தத் தயக்கத்தையும் எழுத முனைந்தேன். கணினியில் ஓர் எழுத்துக்கும் இடமில்லை. எதை விலக்குவது என்று தவித்தேன்.

"திரையில புள்ளி காட்டுறியளே, அதை எடுங்கோ" என்றாள்.

"எத்தனை தானியம் பொறுக்கினீர் என்று எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும். நான் தந்திக்காரி. எண்ணாம ஒரு சொல்லை அனுப்பினதில்லை."

எடுத்தேன். அடுத்த நாள் மாலை மூலையில் நின்று எதிரே பாய்ந்த பூனை, வண்ணமில்லாவிட்டாலும் எங்களுக்கு அதுதான் சிவப்பு, அவள் எலியைக் கவ்விற்று. "செத்துப்போனன்" என்று அவள் கூவினாள். அந்த ஆடிக்குப் பிறகு அச்சொல்லை நாங்கள் வீட்டுக்குள் சொல்லாமல் இருந்தோம். அவள் அதைப் பாட்டுப்போலச் சொன்னாள்.

அந்த வாரமே குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். வாசலில், "பின்னேரம் நீங்கள் வரவேண்டாம். குடையை நானே பிடிப்பன்" என்றாள்.

6

சில ஆண்டுகளின் பின் நாட்டைவிட்டு வந்தோம். ஏனென்று கண்டி அன்பர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒலிநாடா வழியில் எங்கோ தொலைந்தது. இந்நாட்டுத் தலைநகரில் இருக்கும் எங்கள் மகன் ஞாயிறுதோறும் தொலைபேசியில் அழைத்து, "வெளிய போறீங்களா அப்பா?" என்று கேட்கிறான். அவன் பிள்ளைகள் அந்தச் சிறு பெட்டியைவிட எத்தனையோ மடங்கு நினைவுள்ள பேசியைக் கையில் வைத்துக்கொண்டு, என்னிடம் பேச நாலு தமிழ்ச் சொல்லுக்கு மேல் நினைவில்லாமல் நிற்கிறார்கள். "அப்பப்பா, நீ சுகமா?" என்பார்கள். என்னை உயர்த்துகிறார்கள் என்றே கொள்கிறேன்.

தாதி போகும்போது, பனிக்கட்டியில் வழுக்காதிருக்கச் சப்பாத்தில் பூட்டும் முள்பட்டி ஒரு சோடி தந்துவிட்டுப் போனாள். அதை அலுமாரியில் வைத்தேன். மறுநாள் காலை வழக்கம்போல் மேசையை வலம்வரத் தொடங்கினேன். மேசை நடுவே, பதிகம் நாவில், தரை வழுக்காது, எதிரே எவரும் வரமாட்டார். வீடு கதகதப்பாக இருந்தது.

சிவகாமி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. நான்காம் பாட்டின் ஈற்றடியில் ஒரு மூலையைக் கடந்தேன். எதிரே அவள் வந்துகொண்டிருந்தாள், இடமாக. ஒரு கையில் என் மேலங்கி, மறு கையில் முள்பட்டி பூட்டிய சப்பாத்து. மூலையில் ஒரு மூச்சு நேரம் நின்றாள். பிறகு நேரே வந்து என் கையைப் பிடித்தாள்.

"பிடிபட்டியள்" என்றாள். "சப்பாத்தைப் போடுங்கோ."